பெங்களூரில் வீடு பார்க்கிறீர்களா? அந்த ஏரியா எதற்காக உருவானது என்று முதலில் கேளுங்கள்

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி இதுதான்: "பெங்களூர்ல ஒரு வீடு வாங்கிப் போடலாம்னு இருக்கோம், எந்த ஏரியா நல்ல ஏரியா?" நல்ல ஏரியா என்று தனியாக ஒன்று இருந்தால் எல்லோரும் அங்கேயே போய் உட்கார்ந்திருப்பார்களே. இந்த ஊரில் ஒவ்வொரு ஏரியாவும் ஏதோ ஒரு தேவைக்காக உருவானது. பட்டாளம் தங்க ஒன்று, பிளேக்குக்குப் பயந்து ஒன்று, மில் தொழிலாளிக்கு ஒன்று, அரசுத் தொழிற்சாலை ஊழியருக்கு ஒன்று, ஐடிக்காரர் அவசரத்துக்கு ஒன்று. அந்தத் தேவை தீர்ந்து நூறு வருஷம் ஆகியிருக்கலாம், ஆனால் தெரு எத்தனை அடி, குழாயில் என்ன தண்ணீர், பத்திரத்தில் என்ன வில்லங்கம், மழை பெய்தால் எங்கே தேங்கும் என்பதெல்லாம் இன்றைக்கும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "மெட்ரோ வருது சார்."

முதலில் ஒரு விஷயம். பெங்களூர் நேற்று வரைக்கும் இரண்டு ஊர். 1537-ல் கெம்பே கவுடா கட்டிய பேட்டை ஒன்று, இன்றைக்கு சிக்பேட்டை, பளேபேட்டை என்று நீங்கள் புடவை வாங்கப் போகிற இடம். 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வெள்ளைக்காரன் தன் பட்டாளத்தைக் கொண்டுவந்து கிழக்கே நிறுத்தினானே, அந்தக் கண்டோன்மெண்ட் இன்னொன்று. நடுவில் இப்போது கப்பன் பார்க். 1881-ல் மைசூர் ராஜ்ஜியத்தை உடையாரிடம் திருப்பிக் கொடுத்தபோதுகூட கண்டோன்மெண்டை மட்டும் ஆங்கிலேயர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள், 1947-ல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949-ல் இரண்டு நகராட்சிகளையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். வந்த பட்டாளம் மெட்ராஸ் பட்டாளம் என்பதால் கூடவே சிப்பாய், சமையல்காரர், துணி வெளுப்பவர், கான்ட்ராக்டர், கணக்குப்பிள்ளை என்று தமிழர்களும் வந்தார்கள். அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், மர்பி டவுன் பக்கமெல்லாம் ஏழு தலைமுறையாகத் தமிழ் பேசுகிற குடும்பங்கள் இருப்பது இதனால்தான். ஹைகோர்ட் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்ட்ராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-ல் தொடங்கிய பள்ளியின் வழி வந்த கல்வி நிறுவனங்கள் அல்சூர் பக்கம் இன்னும் நடக்கின்றன. பட்டாளத்துக்கும் முன்னால் இங்கே தமிழே இல்லை என்று யாராவது சொன்னால் டொம்லூர் சொக்கநாதசாமி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது.

அல்சூரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் முதலில் ஆசைப்படுவது அங்கேதான். ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம். 1991-ல் தயாராகியும் பதினெட்டு வருஷம் துணி மூடியே நின்று 2009-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. சோமேஸ்வரர் கோயில். பூக்கடையிலும் மளிகைக்கடையிலும் தமிழிலேயே பேசிக் காரியத்தை முடிக்கலாம், 2011-லிருந்து மெட்ரோ வேறு ஓடுகிறது. எல்லாம் சரி, ஆனால் வீடு? கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஆட்டோ ஒன்று நின்றால் பின்னால் வருகிறவர் இறங்கி நடக்க வேண்டியதுதான், பல்லக்கு விழா நாளில் வண்டியை வெளியே எடுக்கிற யோசனையே வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம் பத்திரம். தாத்தா வாங்கிய மனை, பாகப் பிரிவினை எழுதாமலே மூன்று தலைமுறை, முன்பக்கம் பெரியப்பா மகன், மாடியில் அத்தை, பின்கட்டில் வாடகைக்காரர், ஒரு பங்காளி துபாயில். விற்க வருகிறவர் "எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்பார். போடட்டும், அதற்கப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் இரண்டும் கண்டோன்மெண்ட் நிர்வாகம் ஏழைத் தொழிலாளிகளுக்கென்று கட்டிய குடியிருப்புகள். வீடு சின்னது, அதன்மேல் மூன்று மாடி ஏற்றியிருப்பார்கள். அக்கம்பக்கம் அருமையாக இருக்கும், பாங்கியில் லோன் கேட்டால்தான் இழுத்தடிப்பார்கள்.

இனி பிளேக். 1898-ல் பிளேக் வந்து பேட்டையிலும் கண்டோன்மெண்டிலும் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நெரிசல்தான் காரணம், காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் முன்பே திட்டமிட்டிருந்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அதற்குப் பிறகு வேகமாக நிரம்பின. கண்டோன்மெண்ட் பக்கம் பிரேசர் டவுன், எலி அண்டாத, காற்றோட்டமான வீடுகள் என்றே வடிவமைத்து 1910 வாக்கில் உருவானது. பெயருக்குரிய ஸ்டூவர்ட் பிரேசர், மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்குச் சிறுவயதில் ஆசிரியராக இருந்தவர். கார்ப்பரேஷன் கணக்கில் அது புலிகேசி நகர், வாயில் வருவது இன்னும் பிரேசர் டவுன்தான்.

மல்லேஸ்வரத்தில் வீடு பார்க்கப் போனால் வாசலோடு திரும்பிவிடாதீர்கள், வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைகளுக்கு நடுவே ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு சந்து நீளமாக ஓடும். கன்சர்வன்சி லேன் என்பார்கள். சாக்கடை வசதி வருவதற்கு முன் கக்கூஸ் சுத்தம் செய்கிறவர்கள் முன்வாசல் பக்கமே வராமல் இந்தச் சந்து வழியாக வந்து போக வேண்டும் என்று ஏற்பாடு. நூறு வருஷத்துக்கு முந்தைய ஊரின் சாதி ஒழுங்கை அப்படியே தரையில் வரைந்து வைத்தது போல் இருக்கும். இப்போது சில சந்துகளில் வண்டி நிற்கிறது, சிலதைப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எடுத்து விழுங்கிவிட்டார், சிலவற்றைச் சுத்தம் செய்து ஓவியம் தீட்டி நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் மனையின் அளவில் இந்தச் சந்து சேர்ந்திருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. ஒன்று சொல்ல விட்டேன், காடு மல்லேஸ்வரர் கோயிலுக்குக் கொடை தந்தவர் சிவாஜியின் தம்பி வெங்கோஜி, பின்னால் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவரும் அவரேதான். ஆக தஞ்சாவூர்க்காரர்கள் மல்லேஸ்வரத்தில் உரிமையோடு காபி குடிக்கலாம்.

இந்தப் பழைய ஏரியாக்களில் தனி வீடு நம் கைக்கு எட்டாது, அதை ஒப்புக்கொண்டு மேலே போவோம். எட்டுவது என்னவென்றால், பழைய பங்களாவைப் பிள்ளைகள் பில்டரிடம் கொடுத்துப் பாதிக்குப் பாதி என்று கட்டிய எட்டு வீடு, பன்னிரண்டு வீடு கொண்ட சின்ன அபார்ட்மெண்ட். நீச்சல்குளம் கிடையாது, கிளப் ஹவுஸ் கிடையாது. ஆனால் உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது யூ.டி.எஸ்., நானூறு ஐந்நூறு சதுர அடிகூட இருக்கும். புறநகர் அடுக்குமாடியில் இருபதாவது மாடி வாங்கினால் அதில் பாதிகூடத் தேறாது. கட்டிடம் வருஷத்துக்கு வருஷம் தேயும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான், இருந்தும் யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்காமலே சமையலறை கிரானைட்டின் நிறத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மேற்கே ஸ்ரீராமபுரம், பின்னிப்பேட்டை, மாகடி ரோடு. பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று நூற்பாலைகளுக்கு வந்த தமிழர்களும் மற்றவர்களும் குடியேறிய இடங்கள். மில்கள் போய்விட்டன, பின்னி மில் இருந்த இடத்தில் உயர உயரமாக அபார்ட்மெண்டுகள் நிற்கின்றன. விலை கிழக்கைவிடச் சல்லிசு, ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற மெஜஸ்டிக்கும் பக்கம். ஊருக்கு அடிக்கடி ரயில் ஏறுகிறவர்கள் யோசிக்கலாம்.

அடுத்தது லேஅவுட்டுகளின் காலம். 1945-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் வந்தது, 1976-ல் அதன் இடத்தில் பி.டி.ஏ. என்கிற பெங்களூர் வளர்ச்சி ஆணையம். ஜெயநகருக்கு 1948-ல் அடிக்கல் நாட்டியவர் ராஜாஜி, அப்போது அவர் கவர்னர் ஜெனரல். பிளாக், மெயின், கிராஸ் என்று கோடு போட்டு, பார்க்குக்கும் பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கி அமைத்த ஊர், இன்றைக்கும் மரநிழலில் நடந்தே காய்கறி வாங்கி வரலாம். இந்திரா நகர், கோரமங்களா, எச்.எஸ்.ஆர். எல்லாம் இதன் தம்பிகள். பி.டி.ஏ. சைட் என்றால் இங்கே ஒரு தனி மரியாதை, காரணம் இல்லாமல் இல்லை. நிலத்தை அரசே எடுத்து, ரோடு போட்டு, குழாய் இழுத்து, ஒதுக்கீட்டுக் கடிதம் கொடுத்த மனை அது, ஆகவே முந்தைய சொந்தக்காரர்களின் பேரன்கள் வந்து கதவைத் தட்டும் பயம் ரொம்பக் குறைவு. இந்திரா நகரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரிட்டையரான ராணுவக்காரர்கள் செம்பருத்தி வளர்த்த தெருக்களில் இப்போது ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டுச் சத்தம். நூறடி ரோட்டிலிருந்து எத்தனை கிராஸ் தள்ளி என்பதுதான் அங்கே விலையும் நிம்மதியும்.

கோரமங்களாவில் ஆரம்பிக்கிறது தண்ணீர்க் கதை. பெங்களூருக்கு ஆறு கிடையாது. மேட்டு நிலம், நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு வரப்பு, அதிலிருந்து நீர் இருபக்கமும் வழியும். அப்படி வழிகிற நீரை ஏரி ஏரியாகத் தேக்கி, ஒன்று நிரம்பினால் ராஜகாலுவே என்கிற கால்வாய் வழியாக அடுத்ததற்குப் போகும்படி முன்னோர் செய்து வைத்தார்கள். நம்மூர் ஏரி, கலங்கல், வாய்க்கால் அதே கணக்குதான். பிறகு வந்தவர்கள் ஏரியை மூடி ஊராக்கினார்கள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. ஏரிக்குப் பெயர்தான் போயிற்று, பள்ளம் போகவில்லையே. கோரமங்களாவின் தாழ்வான பிளாக்குகளில் பெரிய மழைக்குத் தண்ணீர் நிற்பது இதனால்தான். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் ரோடு, எமலூர், பெள்ளந்தூர் பக்கம் கோடிக்கணக்கில் விலைபோன வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். பணக்காரர் வீடாயிற்றே என்று தண்ணீர் தயங்கவில்லை, அது தன் பழைய வழியிலேயே போயிற்று.

தெற்கிலிருந்தும் கோரமங்களாவிலிருந்தும் வழிகிற சாக்கடை பெள்ளந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அப்புறம் தென்பெண்ணை, அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அணையில் நுரை பொங்கி ரோட்டை மறைக்கிறது என்று தமிழ்ச் செய்தியில் பார்த்து நீங்கள் உச்சுக்கொட்டினீர்களே, அந்த நுரையின் தொடக்கம் இங்கே நம் சமையலறைத் தொட்டியில்தான். பெள்ளந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பிடித்தே எரிந்தது. ஆகவே "லேக் வியூ" என்று விளம்பரத்தில் பார்த்தால் எந்த லேக் என்று கேளுங்கள், ஒரு சாயங்காலம் அந்த பால்கனியில் நின்று மூச்சை இழுத்தும் பாருங்கள்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. கர்நாடக அரசின் திஷாங்க் என்று ஒரு ஆப் இருக்கிறது, மனையில் நின்றுகொண்டு திறந்தால் அது எந்த சர்வே எண், பக்கத்தில் ஏரியோ கால்வாயோ பழைய வரைபடத்தில் இருக்கிறதா என்று காட்டும். அதோடு நிறுத்தாதீர்கள். பேஸ்மெண்ட் கார் பார்க்கிங்குக்கு இறங்கி, தூண்களின் அடியில் வெள்ளையடிப்புக்குக் கீழே முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். லிஃப்ட் குழி மோட்டார் எப்போது மாற்றியது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். தெருமுனையில் வண்டி வைத்து இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டால் இன்னும் நல்லது. அவருக்கு எந்தப் பில்டரும் சம்பளம் கொடுக்கவில்லை.

குடிதண்ணீர் வேறு கதை. 1896-ல் ஹெசரகட்டா, அப்புறம் திப்பகொண்டனஹள்ளி, 1974-லிருந்து காவிரி. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் மேட்டுக்கு பம்ப் செய்து வருகிற தண்ணீர் அது. பழைய நகரத்துக்கு அது குழாயில் வருகிறது. 2007-ல் மாநகராட்சியைப் பெரிதாக்கி சுற்றியிருந்த ஏழு நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் சேர்த்தார்களே, அங்கேதான் ஐடி வேலையும் அபார்ட்மெண்டும் பெருகின, குழாய் மட்டும் பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டபோது அடிபட்டது முக்கியமாக அந்தப் பகுதிகள். அதே வருஷம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து அந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் என்று அறிவித்தார்கள், பல இடங்களில் வந்தும்விட்டது. ஆனால் "காவேரி கனெக்ஷன் இருக்கு" என்று சொல்வது வேறு, வீட்டு நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் வந்து விழுவது வேறு. வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போகாதீர்கள், வாரநாளில் விடியற்காலை போங்கள். கேட்டுக்கு வெளியே டேங்கர் லாரி இஞ்சினை அணைக்காமல் நிற்கும், பையன் ஒருவன் தீயணைப்புக் குழாய் தடிமனில் ஹோஸை இழுத்து சம்ப் மூடியைத் திறந்து சொருகுவான், வாட்ச்மேன் நோட்டில் நம்பரைக் குறிப்பார். அந்த நோட்டை ஒரு தரம் புரட்டிப் பார்க்க முடிந்தால் மாதப் பராமரிப்புத் தொகை ஏன் அவ்வளவு என்பது தெரிந்துபோகும்.

பத்திரம் பற்றி சுருக்கமாக, மீதியை நல்ல வக்கீல் சொல்வார். இங்கே நம்மூர் பட்டா மாதிரி மாநகராட்சிப் பதிவேடு காத்தா. ஏ காத்தா என்றால் ஒழுங்கு. பி காத்தா என்றால் வரி வாங்கிக்கொள்கிறோம், மற்றதற்கு எங்களைக் கேட்காதே என்று அர்த்தம். விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமல் துண்டு போட்டு விற்ற ரெவென்யூ சைட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. "சீக்கிரம் ஏ ஆயிடும் சார்" என்பது பல வருஷமாக நான் கேட்கிற பாட்டு, பல பாங்குகள் அதை நம்பி லோன் தருவதில்லை, நீங்கள் மட்டும் ஏன் நம்ப வேண்டும்? 2024 அக்டோபரிலிருந்து மாநகராட்சி எல்லைக்குள், கணினியில் ஏற்றிய இ-காத்தா இல்லாமல் பத்திரப்பதிவு இல்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 2 ஆக்கிவிட்டார்கள், பழைய கணக்கில் பட்ஜெட் போட்டவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே பிபிஎம்பி என்கிற ஒற்றை மாநகராட்சியும் போய் ஜிபிஏ என்ற ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன, எந்த ஆபீசுக்கு அலைய வேண்டும் என்பதையும் இப்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அபார்ட்மெண்ட் என்றால், குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் சான்றிதழான ஓ.சி. உண்டா என்பதுதான் முதல் கேள்வி, "அப்ளை பண்ணியிருக்கோம்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

கிழக்குக் கோடியில் வைட்ஃபீல்ட். 1882-ல் ஆங்கிலோ இந்தியர்கள் பயிர் செய்து பிழைக்க மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் டி.எஸ். ஒயிட் என்பவர் முன்னின்று அமைத்த கிராமம். வட்டமாக ஓடும் பழைய தெருவை இன்னும் பார்க்கலாம், ஓடு போட்ட வீடு ஒன்றிரண்டு தப்பியிருக்கிறது. நூறு வருஷம் தூங்கிய ஊரைத் தொண்ணூறுகளில் ஐ.டி.பி.எல். என்கிற ஐடி பார்க் எழுப்பிவிட்டது, ரோடு மட்டும் கிராமத்து ரோடாகவே வெகுகாலம் கிடந்தது. 2023-ல் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் முழுசாக ஓடத் தொடங்கியபின் அங்கிருந்து மெஜஸ்டிக்குக்கு வண்டி மாறாமல் வரலாம். இந்தப் பக்கத்துக்கு நம் ஆட்கள் வந்த வழி வேறு. கோலார் தங்கவயல். சுரங்கம் 2001-ல் மூடியதும் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்பினார்கள், கொஞ்சம் காசு சேர்ந்ததும் அதே ரயில்பாதையை ஒட்டி காடுகோடி, கே.ஆர். புரம் என்று வீடு பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை, ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழர்களும் அங்கே உண்டு. கே.ஆர். புரம் பாலத்து நெரிசலை நினைத்து அந்த ஏரியாவையே ஒதுக்குகிறவர்கள், உள்ளே இருக்கிற பழைய ஊழியர் காலனிகளின் மரங்களையும் அகலத் தெருக்களையும் பார்க்காமலே ஒதுக்குகிறார்கள்.

தமிழர்கள் எங்கே இருந்தால் பத்திரம் என்று ஊரில் பெரியவர்கள் இன்னும் கேட்கிறார்கள். 1991 காவிரிக் கலவரம் பார்த்தவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். 2016-லும் ஒரு நாள் பஸ் எரிந்தது. அதற்காக ஏரியா தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வந்து குடியேறுகிறவர் எந்த ஏரியாவானாலும் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவனுக்கு அது ஆறு மாத வேலை, அசோசியேஷன் மீட்டிங்கிலும் சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வரிசையிலும் அதன் அருமை தெரியும்.

சரி, கையில் காசு இருந்தால் நான் எங்கே வாங்குவேன்? காக்ஸ் டவுன் அல்லது குக் டவுன், பழைய சின்ன அபார்ட்மெண்ட், ரயில் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை. அதில் பாதிதான் இருக்கிறது என்றால் பனசங்கரியில் பி.டி.ஏ. சைட்டில் கட்டிய மாடி வீடு. வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில் என்றால் 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் லைன் வந்த பிறகு அந்தப் பக்கத்துக் கணக்கே மாறிவிட்டது, சில்க் போர்டு நெரிசலில் நிற்காமல் மேலேயே தாண்டிவிடலாம். ஓசூரில் வாங்கி இங்கே வேலைக்கு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பத்திரம் தமிழில் இருக்கும், பட்டா சிட்டா நமக்குப் பழகியது, விலையும் குறைவு. ஆனால் மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும்தான், அங்கிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட பஸ்தான், திங்கட்கிழமை காலையில் அந்த பஸ்ஸில் ஒரு தடவை நின்றுகொண்டே வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.